காதுல சீழ் வந்தா தலைய எதுக்கு ஸ்கேன் எடுக்கறாங்க?

"காதுலதாங்க சீழ் வருது, மண்டைய எதுக்கு ஸ்கேன் எடுக்கச் சொல்றாங்க?"

சிடி ஸ்கேன் ரூம் வாசல்ல வாரத்துக்கு ரெண்டு மூணு பேராவது என்கிட்ட இதக் கேக்கறாங்க. 13 வருஷமா சிடி டெக்னீஷியனா இருக்கேன், இப்படிக் கேக்கறவங்க மேல எனக்கு ஒரு நாளும் கோவம் வந்ததில்ல, ஏன்னா அவங்கள உக்கார வெச்சு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க, ஓபில வரிசை வராண்டா வரைக்கும் நிக்கும், டாக்டர் சீட்டுல எச்ஆர்சிடி டெம்போரல் போன்னு, அதாவது காதெலும்ப நுணுக்கமா எடுக்கற சிடி ஸ்கேன்னு, எழுதிக் குடுத்துட்டு அடுத்த ஆளக் கூப்பிட்டுடுவாரு. அந்தச் சீட்ட வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. மூளைல கட்டி இருக்குமோன்னு சந்தேகம் போல, அதான் தலைக்கு எழுதியிருக்காருன்னு ஒருத்தர். காதுக்குள்ள டார்ச் அடிச்சுப் பாத்தாலே தெரியுமே, இதெல்லாம் காசு புடுங்கற வேலைன்னு இன்னொருத்தர். இதையெல்லாம் கேட்டுட்டு ராத்திரி பூரா தூங்காம வந்து டேபிள்ல படுக்கறவங்களுக்கு உடம்பு நடுங்குது, நடுங்கினா படம் ஆடுது, மறுபடியும் எடுக்க வேண்டியதாயிடுது.

அதனால இத ஒரு தடவ முழுசா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், இந்த ஸ்கேன்ல பாதிக்கு மேல நோயத் தேடறதே கிடையாது. நோய் இருக்குன்னு டாக்டருக்கு மைக்ராஸ்கோப்ல காதப் பாத்தப்பவே தெரிஞ்சிருக்கும். உங்க காதெலும்புக்குள்ள எது எங்க இருக்கு, எதுக்கும் எதுக்கும் நடுவுல எத்தன மில்லிமீட்டர் இடம் இருக்குன்னு அளக்கத்தான் இந்த ஸ்கேன்.

சட்டை பட்டன் சைஸுல ஒரு ரூம்

வெளிய தெரியற ஓட்டை வழியா உள்ள போனா சுமார் இரண்டரை சென்டிமீட்டர்ல ஒரு தோல் திரை இருக்கும். புத்தகத்துல செவிப்பறைன்னு இருக்கும், நாம ஜவ்வுன்னு சொல்லுவோம். அதோட தடிமன் ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்குதான்.

ஜவ்வுக்குப் பின்னாடி இருக்கறது நடுக்காது, காத்து நிரம்பின ஒரு குட்டி ரூம். உயரம் ஏறக்குறைய 15 மில்லிமீட்டர், முன்னும் பின்னுமா 15 மில்லிமீட்டர், ஆனா அகலம் நடுவுல வெறும் 2 மில்லிமீட்டர்தான். கொஞ்சம் பெரிய சட்டை பட்டன ஒண்ண நிக்க வெச்சா எப்படி இருக்கும், அவ்வளவு இடம்தான். அதுக்குள்ளதான் ஸ்கூல் புக்ல படிச்ச சுத்தி, பட்டடை, அங்கவடின்னு மூணு எலும்பு சங்கிலி மாதிரி ஒண்ணோட ஒண்ணு கோத்து நிக்குது. கடைசில இருக்கற அங்கவடிதான் உடம்புலயே சின்ன எலும்பு, 3 மில்லிமீட்டர் சொச்சம் உயரம், எடை சில மில்லிகிராம். ஜவ்வு அதிர்ந்தா இந்தச் சங்கிலி ஆடும், அந்த ஆட்டம் உள்காதுக்குப் போகும், நமக்குச் சத்தம் கேக்கும்.

இப்போ காதுக்குப் பின்னாடி விரல வெச்சு அழுத்திப் பாருங்க, கெட்டியா ஒரு மேடு தட்டுப்படும். அதுதான் மாஸ்டாய்டு எலும்பு. வெளிய தொட்டா கல்லு மாதிரி இருந்தாலும் உள்ள கல்லு இல்ல, கூடு கூடா ஓட்டை விட்டு வந்த பழைய காலத்து மைசூர்பாகு மாதிரி இருக்கும், ஒவ்வொரு ஓட்டையிலயும் காத்து. இந்த ஓட்டைகளும் நடுக்காது ரூமும் ஒரு வாசல் வழியா சேந்திருக்கு, வாசலத் தாண்டினதும் வர முதல் பெரிய அறைக்கு ஆன்ட்ரம்னு பேரு. அதனாலதான் நடுக்காதுல புகுந்த சீழ் நடுக்காதோட நிக்காம மாஸ்டாய்டு வரைக்கும் போயிடுது.

இவ்வளவையும் தன்னோட வெச்சிருக்கற எலும்புதான் டெம்போரல் போன், தமிழ்ல பொட்டெலும்பு. மண்டையோட்டோட ஒரு பகுதி அது. அதனாலதான் காதுக்கு எடுக்கற ஸ்கேன் தலை ஸ்கேனா ஆயிடுது.

சீழ்ல ரெண்டு விதம் இருக்கு

சளி புடிச்சப்போ ரெண்டு நாள் காது வலிச்சு ஒழுகி நின்னுபோனா அது வேற. ஜவ்வுல ஓட்டை விழுந்து, வாரக்கணக்கா, மாசக்கணக்கா, சில பேருக்கு சின்ன வயசுலேருந்தே விட்டு விட்டு ஒழுகுதுன்னா அதத்தான் நாள்பட்ட காதுச்சீழ்னு சொல்றாங்க. உலக சுகாதார நிறுவனம் 2004ல போட்ட அறிக்கையில உலகத்துல 6.5 கோடிலேருந்து 33 கோடி பேர் வரைக்கும் இப்படிக் காது ஒழுகறவங்க இருக்கலாம்னு கணக்கு சொல்லியிருக்காங்க, இது அதிகமா இருக்கற நாடுகள்ல இந்தியாவும் ஒண்ணு. எண்ணெய் ஊத்தறது, ஹேர்பின்னால குடையறதுன்னு நாமளும் நம்ம பங்குக்கு அதக் கெடுத்துக்கறோம்.

ஒரு விதத்துல ஜவ்வோட நடுவுல ஓட்டை, சளி மாதிரி நிறைய ஒழுகும், நாத்தம் பெருசா இருக்காது. டாக்டருங்க பேச்சுவழக்குல சேஃப் டைப்னு சொல்லுவாங்க. இன்னொரு விதத்துல கொஞ்சமாத்தான் வரும், ஆனா பக்கத்துல உக்கார முடியாத நாத்தம், சில சமயம் ரத்தம் கலந்து வரும். இதுக்குப் பேரு அன்சேஃப் டைப், ஆபத்தானது.

ஆபத்துக்குக் காரணம் கொலஸ்டியாட்டோமான்னு ஒண்ணு. பேரு ஓமான்னு முடியறதால கேன்சரான்னு கேட்டு அழுதவங்கள நான் பாத்திருக்கேன். கேன்சர் கிடையாது. ஜெர்மனிக்காரர் யோஹான்னஸ் முல்லர் 1838ல வெச்ச பேரு அது, பேருதான் அப்படியே நின்னுபோச்சு. உண்மையில அது தப்பான இடத்துல வளர்ற தோல், அவ்வளவுதான். ஜவ்வோட மேல் பகுதி உள்பக்கமா இழுபட்டு ஒரு பை மாதிரி ஆயிடும், நம்ம தோல்லேருந்து தினமும் அழுக்கு உதிருதுல்ல, அதே மாதிரி அந்தப் பைக்குள்ளயும் உதிரும், ஆனா வெளிய வர வழி கிடையாது. உள்ளயே சேந்து சேந்து பை பெருசாகும், கிருமி சேரும், சுத்தி இருக்கற எலும்ப மெல்ல மெல்ல அரிக்கும். சுவத்துல கரையான் புடிச்ச மாதிரிதான், வெளிய பெயின்ட் நல்லா இருக்கும், உள்ள மரம் போயிருக்கும்.

இதுவரைக்கும் சொன்னதச் சுருக்கினா, நடுக்காதும் மாஸ்டாய்டும் ஒரே வீட்டோட ரெண்டு ரூம். சீழ் ரெண்டுலயும் இருக்கும். கொலஸ்டியாட்டோமா இருந்தா சுவரும் அரிச்சிருக்கும், அதுக்கு மாத்திரையும் சொட்டு மருந்தும் பத்தாது, உள்ள போய் எடுத்தாகணும்.

உள்ள போறதுன்னா எலும்பக் குடைஞ்சுதான்

ஆபரேஷன் பேரு மாஸ்டாய்டெக்டமி. காதுக்குப் பின்னாடி வெட்டி, தோல விலக்கி, மைக்ராஸ்கோப்ல பாத்துக்கிட்டே ட்ரில்லால மாஸ்டாய்டு எலும்பக் கொஞ்சம் கொஞ்சமா குடைஞ்சு ஆன்ட்ரம் வரைக்கும் போவாங்க. ட்ரில்லோட முனையில சுத்தற உருண்டைக்கு பர்னு பேரு. ஆரம்பத்துல 5, 6 மில்லிமீட்டர் பர் போடுவாங்க, ஆபத்தான இடம் நெருங்க நெருங்கச் சின்னதா மாத்திக்கிட்டே 1 மில்லிமீட்டர் வரைக்கும் வருவாங்க. இந்த 6 மில்லிமீட்டர ஞாபகம் வெச்சுக்குங்க, கீழ வேணும்.

பழைய வீட்டுல ஏசி மாட்ட ஆளக் கூப்பிட்டா நல்ல ஆளு என்ன பண்ணுவாரு? ட்ரில்ல எடுக்கறதுக்கு முன்னாடி, இந்தச் சுவத்துக்குள்ள ஒயர் போகுதா, பின்னாடி பாத்ரூம் குழாய் வருதான்னு கேப்பாரு. உங்களுக்குத் தெரியலன்னா தட்டிப் பாப்பாரு, சுவிட்ச் போர்டு எங்க இருக்குன்னு பாத்து ஒயர் எந்தப் பக்கம் ஏறியிருக்கும்னு கணக்குப் போடுவாரு. காது சர்ஜனுக்கும் அதே கவலைதான், ஆனா அவரோட சுவத்துக்குள்ள போற ஒயர் அறுந்தா ஒரு மனுஷனோட முகம் கோணிப்போயிடும்.

சுவத்துக்கு அந்தப் பக்கம் யார் யார் இருக்காங்க

மேல்பக்கம் மூளை. நடுக்காதுக்கும் மாஸ்டாய்டுக்கும் மேல தளம் மாதிரி ஒரு மெல்லிசான எலும்புத் தகடு, பேரு டெக்மென், அதுக்கு மேல மூளையோட உறை. மேல் மாடியில ஒரு குடும்பம் தூங்கிட்டிருக்க, நாம கீழ்வீட்டு சீலிங்க குடையற நிலைமை. சில இடத்துல அந்தத் தளம் முட்டை ஓடு மாதிரிதான் இருக்கும், சில பேருக்குத் தளமே தாழ்ந்து இறங்கியிருக்கும்.

பின்பக்கம் சிக்மாய்டு சைனஸ். சைனஸ்னதும் மூக்குன்னு நெனைக்காதீங்க, இது மூளைலேருந்து திரும்பற ரத்தம் கழுத்துக்கு இறங்கற பெரிய ரத்தக்குழாய், மாஸ்டாய்டோட பின்சுவத்த ஒட்டி வளைஞ்சு இறங்கும். பர் இதத் தொட்டா ரத்தம் பொங்கிடும். கீழ்ப்பக்கம் அதே குழாயோட தொடர்ச்சி ஜுகுலர் பல்புன்னு ஒரு புடைப்பா இருக்கும், அது சில பேருக்கு நடுக்காதோட தரை வரைக்கும் ஏறி நிக்கும்.

உள்பக்கம் உள்காது. அதுல தலை நேரா நிக்கறதுக்கு உதவற மூணு வளையக் குழாய் இருக்கு, அதுல ஒண்ணு பக்கவாட்டு வளையக் குழாய், அது மாஸ்டாய்டு பக்கமா புடைச்சு நிக்கும். கொலஸ்டியாட்டோமா அதிகமா அரிக்கற வளையமும் அதுதான். அங்க ஓட்டை விழுந்தா காத அழுத்தினாலே ஊரே சுத்தும்.

ஒயர்னு சொன்னேன்ல, அதுதான் ஃபேஷியல் நெர்வ், முகத்தோட தசைய ஆட்டற நரம்பு. கண்ண மூடறது, சிரிக்கறது, தண்ணிய வாய்லேருந்து வழியாம முழுங்கறது எல்லாம் இதால. இந்தப் பொட்டெலும்புக்குள்ள மட்டும் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் தூரம், எலும்புல செஞ்ச பைப்புக்குள்ள, கன்சீல்டு ஒயரிங் மாதிரியே வளைஞ்சு வளைஞ்சு போகுது. கொஞ்ச தூரம் அங்கவடிக்கு நேர் மேல, அப்புறம் திரும்பி மாஸ்டாய்டுக்குள்ள கீழ இறங்குது. பைப்பு எல்லாருக்கும் முழுசா இருக்காது, பொறக்கும்போதே சில இடத்துல எலும்பு மூடாம நரம்பு வெறுமனே கிடக்கும், அதுக்கு டெஹிஸன்ஸ்னு பேரு, அபூர்வமான விஷயமும் இல்ல.

நாலஞ்சு பேரு சொல்லியாச்சு, கொஞ்சம் மூச்சு விட்டுக்கலாம். மேல டெக்மென், பின்னாடி சிக்மாய்டு, கீழ ஜுகுலர் பல்பு, உள்ள வளையக் குழாய், நடுவுல முக நரம்பு. இந்த அஞ்சும் எல்லாருக்கும் இருக்கு, எல்லாருக்கும் ஒரே தூரத்துல இல்ல. ஏன், ஒரே ஆளுக்கு வலது காதும் இடது காதும் கூட ஒரே மாதிரி இருக்காது.

ஸ்கேன் வரதுக்கு முன்னாடி எப்படிப் பண்ணினாங்க

மாஸ்டாய்டு ஆபரேஷன் ஒண்ணும் நேத்து வந்தது கிடையாது. ஜெர்மனில ஷ்வார்ட்ஸேங்கற காது டாக்டர் 1873லயே இத முறையா எழுதி வெச்சுட்டாரு. அப்போ சர்ஜனுக்குக் கண்ணும் கையும் அனுபவமும் மட்டும்தான். கிளாஸ்கோல இருந்த வில்லியம் மெக்கிவன்னு ஒரு சர்ஜன், காதுத் துவாரத்துக்குப் பின்மேல எலும்புல ஒரு முக்கோணத்த அடையாளம் காட்டினாரு, அங்க குடைஞ்சா ஆன்ட்ரம் கிடைக்கும்னு. பெரியவங்களுக்கு ஏறக்குறைய ஒண்ணரை சென்டிமீட்டர் ஆழம். பொறந்த குழந்தைக்கு 2 மில்லிமீட்டர்தான், வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்குல ஆழம் கூடும்னு இன்னைக்கும் டாக்டருக்குப் படிக்கற பசங்களுக்குச் சொல்லிக் குடுக்கறாங்க. அந்த முக்கோணம் இன்னைக்கும் அவரு பேர்லதான் இருக்கு, ஸ்கேன் பாத்துட்டுப் போற டாக்டரும் அதத் தடவிப் பாத்துத்தான் ட்ரில்ல வெப்பாரு.

அப்புறம் எக்ஸ்ரே வந்துச்சு, மாஸ்டாய்டுக்குன்னே தலையச் சாய்ச்சு வெச்சு ஷூலர் வியூன்னு ஒண்ணு எடுப்பாங்க. வேலைக்குச் சேந்த புதுசுல நானே எடுத்திருக்கேன். அதுல தேன்கூடு மாதிரி காத்தறைகள் தெரியும், சிக்மாய்டும் மேல்தளமும் கோடு மாதிரி தெரியும். ஆனா எக்ஸ்ரேங்கறது நிழல்தான். 200 பக்க நோட்ட மூடி வெளிச்சத்துல புடிச்சுப் படிக்கப் பாத்தா எல்லா பக்கத்து எழுத்தும் ஒண்ணு மேல ஒண்ணு விழும்ல, அப்படித்தான். அதுல அங்கவடியத் தேட முடியாது, முக நரம்பையும் பாக்க முடியாது.

சிடி நோட்டப் பக்கம் பக்கமா திறக்குது

சிடில எக்ஸ்ரே குழாய் உங்கள ஒரு சுத்து சுத்தி வரும். கோபுரத்த ஒரே வீதியில நின்னு பாத்தா எதிர்ல இருக்கற மரம் எது, பின்னாடி இருக்கற தண்ணித் தொட்டி எதுன்னு கொழப்பமா இருக்கும். நாலு வீதியும் சுத்தி வந்தா எது முன்னாடி, எது பின்னாடின்னு தெளிஞ்சுடும். அதே மாதிரி நூத்துக்கணக்கான கோணத்துலேருந்து எவ்வளவு எக்ஸ்ரே ஊடுருவி வந்துச்சுன்னு மெஷின் அளக்குது, அந்தக் கணக்க வெச்சு ஒவ்வொரு புள்ளியிலயும் எவ்வளவு அடர்த்தின்னு கம்ப்யூட்டர் கண்டுபிடிக்குது. காத்துக்கு மைனஸ் 1000, தண்ணிக்கு பூஜ்யம், கெட்டி எலும்புன்னா ஆயிரத்துக்கும் மேல. இந்த எண்ணுக்கு இந்த மெஷினக் கொண்டு வந்த காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டோட பேரையே வெச்சுட்டாங்க. 1971 அக்டோபர் 1ல லண்டன்ல முதல் நோயாளிக்கு எடுத்தாங்க, 1979ல இதுக்கான கணக்கப் போட்ட ஆலன் கார்மக்கோட சேந்து அவருக்கு நோபல் பரிசு குடுத்தாங்க.

மெஷின் தர ஒவ்வொரு பக்கத்துக்கும் ஸ்லைஸ்னு பேரு. அந்த முதல் மெஷினோட ஸ்லைஸ் தடிமன் ஒரு சென்டிமீட்டருக்கு மேல. நடுக்காது மொத்தமும் 15 மில்லிமீட்டர்னு மேல சொன்னேன்ல, அப்போ ஒரு பக்கத்துலயே கிட்டத்தட்ட முழு ரூமும் போயிடும், அளக்க என்ன இருக்கு? இப்போ காதுக்கு நாங்க எடுக்கறது அரை மில்லிமீட்டர், 0.6 மில்லிமீட்டர் ஸ்லைஸ். எச்ஆர்சிடில வர எச்ஆருக்கு அர்த்தம் அதுதான், ஹை ரெசல்யூஷன், நுணுக்கமா எடுக்கறது. எலும்போட ஓரம் கூர்மையா தெரியற மாதிரி தனி செட்டிங்லயும் போடுவோம்.

"போன மாசம்தான் தலைக்கு ஸ்கேன் எடுத்தோம், மறுபடியும் எதுக்கு"ன்னு கேக்கறவங்களுக்கும் பதில் இங்கதான் இருக்கு. சாதாரணத் தலை ஸ்கேன்ல ஸ்லைஸ் பெரும்பாலும் 5 மில்லிமீட்டர், மூளையப் பாக்க அது போதும். 3 மில்லிமீட்டர் அங்கவடி அதுல எந்த மூலைல ஒளிஞ்சிருக்குன்னு யாராலயும் சொல்ல முடியாது.

ஸ்லைஸ் மெல்லிசா இருந்தா இன்னொரு வசதியும் இருக்கு, எந்தப் பக்கமா வேணா வெட்டிப் பாக்கலாம். வாழைத்தண்ட வட்ட வட்டமாவும் நறுக்கலாம், நெடுக்கவும் கீறலாம்ல. ஒரு தடவ எடுத்த அதே ஸ்கேன கம்ப்யூட்டர்ல படுக்கைவாட்டுலயும் நிலைவாட்டுலயும் வெட்டிக் காட்டுவோம், அதுக்காக மறுபடி படுக்க வேண்டியதில்ல.

கர்சர வெச்சு என்ன அளக்கறாங்க

ஸ்க்ரீன்ல ஒரு புள்ளி, இன்னொரு புள்ளி, நடுவுல ஒரு கோடு, அது மேல மில்லிமீட்டர்ல ஒரு எண்ணு. அளக்கறதுன்னா இவ்வளவுதான். எந்த ரெண்டு புள்ளிங்கறதுலதான் விஷயமே இருக்கு.

முதல் கோடு பெரும்பாலும் காதுத் துவாரத்தோட பின்சுவத்துலேருந்து சிக்மாய்டு சைனஸ் வரைக்கும். சர்ஜன் ட்ரில்லோட நுழையற வாசலோட அகலம் இது. சில பேருக்கு ஒண்ணரை சென்டிமீட்டர் தாராளமா இருக்கும், சில பேருக்கு சில மில்லிமீட்டர்தான். போன வருஷம் ஒரு அம்மாவுக்கு வலது பக்கம் ரத்தக்குழாய் முன்னாடி தள்ளி வந்திருந்துச்சு, பெரும்பாலும் வலது பக்கக் குழாய்தான் பெருசா இருக்கும், இவங்களுக்கு அளந்தப்போ நடுவுல 4 மில்லிமீட்டர் சொச்சம் இருந்துச்சு. அவங்களுக்கு ஆபரேஷன் பண்ணப் போற டாக்டர் எங்க ரூமுக்கே வந்து என் பக்கத்துல உக்காந்து, ஒவ்வொரு ஸ்லைஸா நகத்தி அரை மணி நேரம் பாத்தாரு. 6 மில்லிமீட்டர் பர்ரோட அந்த 4 மில்லிமீட்டர் சந்துக்குள்ள போக முடியாதுன்னு அவருக்கு ட்ரில்ல கையில எடுக்கறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே தெரிஞ்சுபோச்சு. பின்பக்கமா போகாம காதுத் துவாரம் வழியாவே முன்னாடிலேருந்து குடைஞ்சு போறதா முடிவு பண்ணினாரு. ஒரு எண்ணு ஒரு வழியையே மாத்தினத என் கண்ணால பாத்தது அன்னைக்குத்தான், இந்த வேலை மேல எனக்கு மரியாதை வந்ததும் அன்னைக்குத்தான்.

அடுத்தது மேல்தளம். நிலைவாட்டு ஸ்லைஸ்ல டெக்மென் எவ்வளவு தாழ்ந்திருக்கு, எங்கயாவது அரிச்சு ஓட்டை இருக்கா, பக்கவாட்டு வளையக் குழாய்க்கும் தளத்துக்கும் நடுவுல எவ்வளவு இடம்னு பாப்பாங்க. அந்த வளையக் குழாய் ஒரு மைல்கல் மாதிரி, அதக் கண்டுபிடிச்சுட்டா மத்ததெல்லாம் எந்தப் பக்கம்னு தெரிஞ்சுடும், அதனால நிறைய கோடு அங்கேருந்துதான் ஆரம்பிக்கும். அந்த வளையத்தோட எலும்பே அரிச்சிருக்குன்னு முன்னாடியே தெரிஞ்சா, டாக்டர் அது மேல ஒட்டியிருக்கற தோலக் கடைசில தொடற மாதிரி வெச்சுப்பாரு.

முக நரம்ப ஸ்லைஸ் ஸ்லைஸா பின்தொடர்ந்துக்கிட்டே போவாங்க. எங்க திரும்புது, காதுத் துவாரத்தோட பின்சுவத்துலேருந்து எவ்வளவு ஆழத்துல இறங்குது, வழக்கத்த விட வெளிய தள்ளி வந்திருக்கா, இதெல்லாம். ரெண்டு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைகளுக்கு மாஸ்டாய்டோட நுனி வளர்ந்திருக்காது, நரம்பு வெளிய வர இடம் தோலுக்குக் கிட்டக்கயே இருக்கும், அதனால அவங்களுக்குத் தோல வெட்டற இடமே மாறும். மூணு குட்டி எலும்பு மட்டும் பொறக்கும்போதே பெரிய ஆள் சைஸுல இருக்கும்ங்கறது எனக்கு இன்னமும் ஆச்சரியம்தான்.

அந்த மூணு எலும்பையும் பாப்பாங்க. படுக்கைவாட்டு ஸ்லைஸ்ல சுத்தியோட தலையும் பட்டடையும் சேந்து கோன் ஐஸ்கிரீம் மாதிரியே தெரியும், உருண்டை சுத்தி, கோன் பட்டடை. உருண்டை கோன விட்டு நகந்திருந்தாலோ கோன் கரைஞ்சிருந்தாலோ சங்கிலி அறுந்திருக்குன்னு அர்த்தம். முதல்ல அரிக்கறது பெரும்பாலும் பட்டடையோட நீளக் கால்தான். அப்படின்னா சுத்தம் பண்ணினா மட்டும் காது கேக்காது, எலும்புச் சங்கிலியத் திரும்பக் கோக்க வேண்டியிருக்கும்னு முன்கூட்டியே உங்ககிட்ட சொல்லிட முடியும்.

இன்னொண்ணு, சில பேருக்கு மாஸ்டாய்டுக்குள்ள நடுவுல ஒரு பொய்ச்சுவர் இருக்கும், கோர்னர் செப்டம்னு பேரு. குடைஞ்சுக்கிட்டே போறவருக்கு ஆன்ட்ரம் முடிஞ்சுபோச்சு, கடைசிச் சுவரு வந்துடுச்சுன்னு தோணும். உண்மையான ஆன்ட்ரமும் நோயும் அதுக்குப் பின்னாடி இருக்கும். ஸ்கேன்ல அத முன்னாடியே பாத்துட்டா ஏமாற மாட்டாங்க.

ஏற்கனவே ஒரு தடவ ஆபரேஷன் ஆன காதுன்னா இந்த அளவெல்லாம் இன்னும் முக்கியம். அடையாளம் காட்ட வேண்டிய எலும்பே முதல் ஆபரேஷன்ல போயிருக்கும், சுவிட்ச் போர்டே இல்லாத சுவத்துல ஒயரத் தேடற கதை.

ஸ்கேனால சொல்ல முடியாதது

எலும்புக்கும் காத்துக்கும் உள்ள வித்தியாசத்தக் காட்ட சிடிய மிஞ்ச ஆள் இல்ல. ஆனா சீழ், வீங்கின சதை, கொலஸ்டியாட்டோமா, மூணுமே தண்ணிக்குக் கிட்டக்க உள்ள அடர்த்திதான், மூணும் ஒரே சாம்பல் நிறமாத்தான் தெரியும். ரிப்போர்ட்ல சாஃப்ட் டிஷ்யூ டென்சிட்டின்னு எழுதறது இதத்தான், எலும்பு இல்லாத, காத்து இல்லாத ஏதோ ஒண்ணு அங்க இருக்குன்னு மட்டும் அர்த்தம். பக்கத்துல எலும்பு அரிச்சிருந்தா கொலஸ்டியாட்டோமாவா இருக்கும்னு சந்தேகம் வலுக்கும், முக்கியமா ஜவ்வுக்கு மேல இருக்கற ஸ்கூட்டம்ங்கற கூரான எலும்பு முனை மழுங்கியிருந்தா. இன்னும் நிச்சயமா தெரியணும்னா எம்ஆர்ஐல டிஃப்யூஷன்னு ஒரு வகை எடுப்பாங்க, அதுல கொலஸ்டியாட்டோமா வெள்ளையா தனியா ஒளிரும். ஆனா எம்ஆர்ஐல எலும்ப அளக்க முடியாது. அதனாலதான் சில பேருக்கு ரெண்டும் எழுதறாங்க.

இன்னொரு கொழப்பம் ரொம்ப மெல்லிசான எலும்புல வரும். மெஷின் படத்தக் குட்டிக் குட்டிக் கட்டமா பிரிக்குது, ஒவ்வொரு கட்டமும் ஒரு டம்ளர்னு வெச்சுக்கங்க. டம்ளர்ல பாதி டிகாஷன், பாதி பால் ஊத்தினா காபி நிறம்தான் தெரியும், டிகாஷனையும் பாலையும் தனித்தனியா காட்டச் சொன்னா முடியாது. கட்டத்துக்குள்ள கொஞ்சம் எலும்பும் கொஞ்சம் சதையும் இருந்தா ரெண்டோட சராசரி நிறத்தத்தான் மெஷின் காட்டும். அதனால முக நரம்ப மூடியிருக்கற மெல்லிய எலும்பு உண்மையில இருந்தும் படத்துல காணாம போகலாம். அளவு தெரிஞ்ச சர்ஜனும் மைக்ராஸ்கோப்ல கண்ணால பாத்துத்தான் நம்புவாரு, நிறைய இடத்துல நரம்பு கிட்டக்க வந்தா எச்சரிக்கற நரம்பு மானிட்டரும் மாட்டிக்கறாங்க.

ஆக எலும்பு, தூரம், ஓட்டை, இந்த மூணுக்கும் சிடிய நம்பலாம். என்ன நோய்னு பேர் வெக்கறதுக்கு டாக்டர் காதப் பாத்தது, சில சமயம் எம்ஆர்ஐ, கடைசில ஆபரேஷன்ல எடுத்தத டெஸ்ட்டுக்கு அனுப்பறது, இதெல்லாம் சேந்துதான் ஆகணும்.

ரிப்போர்ட்ல பயமுறுத்தற வார்த்தைங்க

ஸ்க்ளீரோட்டிக் மாஸ்டாய்டுன்னு இருந்தா நெட்ல தேடி நரம்பு வியாதின்னு நெனச்சுக்கறாங்க. ஓட்டை ஓட்டையா இருக்க வேண்டிய மைசூர்பாகு இறுகிப்போச்சுன்னு மட்டும்தான் அதுக்கு அர்த்தம். சின்ன வயசுலேருந்து சீழ் இருந்த காதுல அது ரொம்ப சகஜம். சர்ஜனுக்கு மட்டும் அது முக்கியம், குடைய நேரம் ஆகும், இடம் சின்னதா இருக்கும், வழி தப்பாம இருக்க அடையாளம் கம்மி.

எரோஷன்னா அரிப்பு, எலும்பு கரைஞ்சிருக்கு. கேன்சர்னு அர்த்தம் இல்ல, ஆனா தள்ளிப் போடற விஷயமும் இல்ல, எந்த எலும்புன்னு டாக்டர்கிட்ட கேளுங்க. ஸ்கூட்டம்னா ஒரு பேச்சு, டெக்மென்னா வேற பேச்சு.

யாருக்கு வேண்டாம், எடுக்கறவங்க என்ன செய்யணும்

ஜவ்வு நடுவுல காஞ்சுபோன ஓட்டை மட்டும், அத அடைக்க சின்ன ஆபரேஷன்னா நிறைய டாக்டருங்க ஸ்கேன் எழுதறதே இல்ல, எலும்பக் குடையற வேலை இல்லாததால. எனக்கு ஏன் எழுதலன்னு சண்டை போட வேண்டாம். காந்தல் மாதிரி உடம்பு சூடேத்தற காண்ட்ராஸ்ட் ஊசியும் வெறும் எலும்ப அளக்கத் தேவைப்படறதில்ல, மூளைப் பக்கம் சீழ் போயிருக்குமோன்னு சந்தேகம் இருந்தாத்தான் போடுவோம். கதிர்வீச்சப் பத்திக் கேக்கறவங்களுக்கு, மண்ணுலேருந்தும் வானத்துலேருந்தும் சும்மா இருந்தாலே வருஷத்துக்கு உலக சராசரியா 2.4 மில்லிசீவர்ட் நமக்குக் கிடைக்குது, இந்த ஸ்கேன் பொதுவா அதுக்குள்ள அடங்கிடும். கர்ப்பமா இருந்தா, இருக்கலாமோன்னு சந்தேகம் இருந்தாக்கூட, தயவுசெஞ்சு வெக்கப்படாம முன்னாடியே சொல்லிடுங்க.

கம்மல், தோடு, மாட்டல், மூக்குத்தி, ஹேர்பின், கழட்டற பல்செட்டு, எல்லாத்தையும் வீட்டுலயே கழட்டிட்டு வந்தா நல்லது. உலோகம் இருந்தா சூரியன் மாதிரி கோடு கோடா அடிச்சு, நாங்க அளக்க வேண்டிய இடத்தையே மறைச்சுடும். டேபிள்ல படுத்து எழுந்திரிக்க அஞ்சு நிமிஷம், ஸ்கேன் ஓடறது சில வினாடிதான், அந்த நேரம் மட்டும் எச்சில் முழுங்காம, பேசாம, தலைய ஆட்டாம இருந்தா போதும், ஏன்னா நாங்க அளக்கறது அரை மில்லிமீட்டர் கணக்குல.

முன்னாடி காது ஆபரேஷன் ஆகியிருந்தா அந்த டிஸ்சார்ஜ் சம்மரியக் கொண்டு வாங்க, எந்தப் பக்கம்னு எங்ககிட்டயும் ஒரு தடவ வாயால சொல்லுங்க. வெளிய வரப்போ ஃபிலிமும் ரிப்போர்ட்டும் மட்டும் வாங்கிட்டுப் போகாம படம் பதிஞ்ச டிஸ்க்கையும் கேட்டு வாங்குங்க. ஃபிலிம்ல நாங்க பொறுக்கிப் போட்ட சில படம்தான் இருக்கும், டிஸ்க்குலதான் எல்லா ஸ்லைஸும் இருக்கும், டாக்டருக்குக் கர்சர வெச்சு அளக்க அதுதான் வேணும். ஆபரேஷன் அன்னைக்கு அட்மிஷன் பையில துணிமணியோட அதையும் மறக்காம வெச்சுடுங்க, தியேட்டர் ஸ்க்ரீன்ல அதப் போட்டுப் பாத்துட்டுத்தான் ட்ரில்ல எடுப்பாங்க.